புதுவாயல் வீட்டை விற்கிறேன்



பத்து நாளாக என் போன் ஓயவில்லை. "டீச்சர், வீட்டை விக்கிறீங்களாமே, நெசமா?" என்று மாணவர்கள். "அண்ணி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று உறவினர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், நான் வீட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டேன் என்றே எழுதிவிட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்லத் தொண்டையில் தெம்பு இல்லை. முப்பத்தாறு வருஷம் வகுப்பில் கத்திய தொண்டை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

ஆம், விற்கிறேன். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது.

வீட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1954-இல் என் மாமனார் கட்டியது. ஜி.என்.டி. ரோட்டிலிருந்து பெரியபாளையம் ரோடு பிரிகிற இடத்தில் இறங்கினால் ஐந்து நிமிஷ நடை. வாசலில் இரண்டு திண்ணை, உள்ளே ரேழி, நடுவில் தொட்டி முற்றம், சுற்றித் தாழ்வாரம், ஒரு பக்கம் நெல் அறை, பின்கட்டில் அடுப்பங்கரையும் கிணறும். சுவர் ஒன்றரை அடி கனம். பழவேற்காட்டு ஏரிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்த கிளிஞ்சல் சுண்ணாம்பில் கட்டியது என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். மேலே பனை வாரை, அதன் மேல் ரீப்பர், அதன் மேல் சீமை ஓடு. பின்கட்டுக்கு மட்டும் நாட்டு ஓடு. நான் கல்யாணமாகி வந்தபோது தெருவில் இப்படி பதினோரு வீடுகள் இருந்தன. இப்போது எங்களுடையது ஒன்றுதான்.

அந்தத் திண்ணையில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் குறைந்தது ஐம்பது பேர் இருப்பீர்கள். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்தவர்கள் யார் யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன்.

விற்கிற கதையைச் சொல்வதற்கு முன்னால் பிரான்சுக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், நான் போகவில்லை. என் பாஸ்போர்ட் இன்னும் கன்னி கழியாமல் பீரோவில் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வந்து என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன். இலங்கையில் சண்டை மூண்டபோது அவன் அம்மாவும் அப்பாவும் வன்னியிலிருந்து படகில் வந்தவர்கள். இவன் இங்கேதான் பிறந்தான். ஒருநாள் எல்லாப் பிள்ளைகளையும் "என் வீடு" என்று படம் வரையச் சொன்னேன். நம் பிள்ளைகள் எப்போதும் வரைவதுதான்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை. மலையே இல்லாத ஊரில் எல்லார் நோட்டிலும் மலை இருக்கும். இவன் ஒரு நீளக் கோடு போட்டு அதில் வரிசையாக இருபது கதவு வரைந்திருந்தான். ஒரு கதவுக்கு மட்டும் பச்சை வண்ணம். "இது யாருடையது?" என்றேன். "அதுதான் எங்கட" என்றான். அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது, புது வீடுகளும் கட்டித்தர ஆரம்பித்தது. இவன் அதற்கெல்லாம் வெகு முன்பே அக்கா இருந்த பாரீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஓட்டலில் பாத்திரம் கழுவி, பிறகு அடுப்படிக்கு உயர்ந்து, இப்போது லா ஷபெல் பக்கத்தில் பங்காளி ஒருவரோடு சொந்தமாகச் சமையல் கடை. ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் அங்கே பிள்ளையார் தேர் ஓடுகிறபோது எனக்கு வீடியோ அனுப்புவான். தெரு முழுக்க உடைந்த தேங்காய்.

போன வருஷம் ஒரு ராத்திரி போன் செய்தான். "டீச்சர், நான் ஒரு வீடு பாத்திருக்கன். கல் வீடு. பழசு. ஆரோ திருத்தி விக்கினம். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ." நான் என்னத்தைப் பார்த்துச் சொல்ல? "நீங்கள்தான பழைய வீட்டைத் திருத்தினனீங்கள், உங்களுக்குத் தெரியும்" என்றான். அவன் பேச்சில் பாதி வன்னி, பாதி கும்மிடிப்பூண்டி. இப்போது இடையிடையே பிரெஞ்சும் சேர்ந்திருக்கிறது.

வீடு பாரீசிலிருந்து நாலு மணி நேரப் பயணம். க்ரூஸ் என்கிற மாவட்டம். ஒரு பண்ணை வீடு: கருங்கல் சுவர் இரண்டடி கனம், பக்கத்திலேயே ஒட்டினாற்போல் மாட்டுக் கொட்டகை, பின்னால் அரை ஹெக்டேர் தோட்டம். நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர். விலை முதலில் 74,000 யூரோ சொன்னார்கள். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் 74 லட்சம். ஒன்றேகால் ஏக்கரோடு! நம் ஹைவே ஓரத்தில் அந்த அளவு இடத்துக்கு என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டேன். "டீச்சர், அங்க ஆக்கள் இல்லை" என்றான். எனக்கு விடாது, உட்கார்ந்து படித்தேன். அந்த மாவட்டம் கொத்தனார்களுக்குப் பேர் போனது. மண்ணில் விளைச்சல் போதாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்களெல்லாம் ஒவ்வொரு வசந்தத்திலும் கூட்டம் கூட்டமாகப் பாரீசுக்குக் கொத்து வேலைக்குக் கிளம்புவார்களாம். மார்த்தேன் நதோ என்பவர் 1830-இல், பதினாலு வயதில், அப்பாவோடு அப்படிக் கிளம்பிப் போனவர். பிறகு 1849-இல் மக்கள் சபை உறுப்பினராகவே ஆனார். கொத்தனாராக இருந்த தன் கதையைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். அப்படிப் போனவர்கள் பாரீசைக் கட்டினார்கள். ஊரில் தங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. 1851-இல் அந்த மாவட்டத்தில் 2,80,000 பேருக்கு மேல். இப்போது சுமார் 1,15,000. பாதிக்கும் குறைவு.

ஆக, அங்கே ஆள் போய்விட்டதால் வீடு நிற்கிறது. இங்கே ஆள் வந்துகொண்டே இருப்பதால் வீடு நிற்க முடியவில்லை. சிப்காட் வந்த பிறகு கும்மிடிப்பூண்டியும் கவரப்பேட்டையும் புதுவாயலும் எப்படி மாறின என்று உங்களுக்கே தெரியும். நானும் அதில் சோறு தின்றவள்தான். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு ஆலையில் ஃபிட்டராக இருந்தவர்.

சரி, வீடியோ காலில் அவன் வீட்டைச் சுற்றிக் காட்டினான். புதுச் சமையலறை, புதுக் குளியலறை, மரத்தரை பளபள என்று இருந்தது. எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். நான் அவனைச் சுவரின் அடிப்பக்கம் காட்டச் சொன்னேன். கல்லுக்குக் கல் இடைவெளியில் பூச்சு சாம்பல் நிறத்தில் இருந்தது. உள்பக்கச் சுவர் கீழே ஒரு முழம் உயரத்துக்குப் புதுப் பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. "தம்பி, அது சிமெண்டு. ஒரு ஆளைக் கூட்டிப்போய்க் காட்டாமல் கையெழுத்துப் போடாதே" என்றேன்.

எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

2010-இல் மகள் கல்யாணத்துக்காக வீட்டை "பளிச்சென்று" ஆக்க வேண்டும் என்று வெளிச்சுவர் முழுக்கச் சிமெண்டுப் பூச்சு பூசினோம். கொத்தனார் சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். இரண்டு மழைக்காலம் போனது. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே செங்கல் விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. காரணம் மிக எளிது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுவர் வழியே வெளியே வந்து காய்ந்துவிடும். அதன் மேல் சிமெண்டைப் போட்டால் ஈரம் வெளியே வர வழியில்லை. உள்ளேயே நின்று உப்பை இழுத்துச் சுவரைத் தின்னும். ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது போல. பிரான்சின் கல் சுவரும் நம் செங்கல் சுவரும் இந்த விஷயத்தில் அக்கா தங்கைதான். அங்கேயும் அந்தக் காலத்தில் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

பிறகு 2016 டிசம்பர் 12, வர்தா புயல். நானும் அவரும் நெல் அறைக்குள் உட்கார்ந்திருந்தோம். ஓடு ஒவ்வொன்றாகப் பெயர்ந்து முற்றத்தில் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது வரை எண்ணினார், பிறகு விட்டுவிட்டார். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் தார்ப்பாய்தான் கூரை. "இடிச்சிட்டு ரெண்டு மாடியா கட்டுங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. 2018 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். வந்த பணத்தில் 11 லட்சம் இந்த வீட்டுக்குள் போனது. இடிக்கவில்லை.

சிமெண்டைக் கொத்தி எடுக்கவே ஒன்றரை மாதம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இந்தப் பக்கம் கிடைக்கவில்லை. புதுச்சேரியில் பழைய வீடுகளைப் புதுப்பித்துப் பழக்கப்பட்ட ஒருவர் வந்தார். அங்கே வைசியாள் தெருவில் தமிழ் வீடுகளின் திண்ணையையும் தாழ்வாரத்தையும் பழையபடி மீட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது ஞாபகம் இருக்கலாம். அவர் வந்து முதலில் கேட்டது சிமெண்டு அல்ல, கடுக்காய். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு பெரிய பீப்பாயில் ஊறப்போட்டோம். பத்து நாளில் தெரு முழுக்க நாற்றம். அந்தத் தண்ணீரை விட்டுச் சுண்ணாம்பும் மணலும் அரைத்துப் பூசியது. இன்றைக்கு ஏழு மழைக்காலம் ஆகிறது. ஒரு இடத்தில்கூட உப்புப் பூக்கவில்லை.

ஓட்டைப் பற்றியும் ஒரு விஷயம். உடைந்த சீமை ஓடுகளுக்கு மாற்று தேடி, இடிக்கிற வீடுகளுக்கெல்லாம் போய் ஆயிரத்துச் சொச்சம் ஓடு பொறுக்கினோம். சீமை ஓடு என்று நாம் சொல்வது மங்களூர் ஓடு. 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை வைத்துச் செய்தது. ஆனால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்கிற அந்த வடிவத்துக்கு மூலம் பிரான்சு. அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்தோனி சகோதரர்கள் 1841-இல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. இதை நான் போனில் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப உங்கட வீட்டுக் கூரை எங்கட ஊர் டீச்சர்" என்றான். எந்த ஊரை "எங்கட ஊர்" என்கிறான் என்று நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

வேலை முடிந்து, இடையில் கொரோனா வந்து, 2020 மார்ச்சில் தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பதினாலு மாதம் உட்கார்ந்தோம். 2021 மே மாதம் அவர் போய்விட்டார். அதைப் பற்றி அப்போதே எழுதிவிட்டேன்.

இப்போது ஏன் விற்கிறேன் என்பதற்கு வருகிறேன். இதில் எழுதப்போவது குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டு எழுதுவது.

வீடு என் பெயரில் இல்லை. மாமனார் உயில் எழுதாமல் 1996-இல் இறந்தார். அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு. 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகள்களுக்கும் சமப் பங்கு. ஆக மூன்று பங்கு: பெரிய நாத்தனார், சின்ன நாத்தனார், என் வீட்டுக்காரர். அவர் பங்கு எனக்கும் என் இரண்டு பிள்ளைகளுக்கும். நான் 11 லட்சம் போட்டபோது நாத்தனார்கள் இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. இத்தனை வருஷம் வாடகை என்று ஒரு ரூபாய் கேட்டதில்லை. பெரிய நாத்தனாரின் வீட்டுக்காரருக்கு இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வாய் திறந்து அவர் கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கணக்குத் தெரியும். என் முழங்கால் இரண்டும் ரேழிப் படியை ஏற மறுக்கின்றன. போன ஆடியில் கிணற்றடியில் விழுந்து, எதிர்வீட்டுப் பெண் வந்து தூக்கும்வரை முக்கால் மணி நேரம் கிடந்தேன். அம்பத்தூரில் மகள் அறை ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் சிறுவாபுரி. ஆறு செவ்வாய்க்கிழமை வந்தால் முருகன் சொந்த வீடு தருவார் என்று எங்கெங்கிருந்தோ சனம் வருகிறது. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏற இடம் கிடையாது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "நீங்க எத்தனாவது வாரம்மா?" என்று கேட்டார். நான் பத்திர எழுத்தரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

தரகர் வந்தார். வாசலில் நின்றபடியே, "டீச்சர், வீட்டுக்கு விலை கிடையாது, மனைக்குத்தான் விலை. இடிக்கிற செலவைக் கழிச்சுக்குவாங்க" என்றார். நான் மனதில் 11 லட்சத்தையும் கடுக்காயையும் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆறு பேர் வந்தார்கள். ஒருவர்கூட ரேழியைத் தாண்டி உள்ளே வரவில்லை. வாசலில் டேப்பை வைத்து அகலம் அளந்தார்கள், பின்பக்கச் சந்தில் நீளம் அளந்தார்கள், லாரி உள்ளே வருமா என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். அதிக விலை சொன்னவர், தொழிலாளர்களுக்கு வரிசை அறை கட்டி வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னார். இருபத்துநாலு அறை.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இந்த ஆலைகளில் வேகிற பிள்ளைகளுக்குத் தங்க இடம் வேண்டும்தானே? அவர்கள் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இரண்டு வருஷமாக என் திண்ணையில்தான் அ, ஆ எழுதுகிறார்கள். ஆனால் இருபத்துநாலு கதவு என்று அவர் சொன்ன உடனே எனக்கு அந்த ஐந்தாம் வகுப்பு நோட்டு ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

அந்த நேரத்தில் பிரான்சிலிருந்து மறுபடி போன். நான் சொன்னபடி ஆளை வைத்துப் பார்த்தானாம், ஈரம் உண்மைதான், சிமெண்டை எடுத்துச் சுண்ணாம்பு போட ஆகும் செலவைக் காட்டி 68,000 யூரோவுக்குப் பேசி முடித்துவிட்டான். அங்கே வாங்குகிற முறையை அவன் விவரித்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. பத்திரத்தை எழுதுவது அரசு நியமித்த 'நொத்தேர்' என்கிற சட்ட அதிகாரி. முதல் ஒப்பந்தத்துக்குப் பிறகு வாங்குபவர் மனம் மாறினால் காரணமே சொல்லாமல் விலகப் பத்து நாள் அவகாசம். எழுத்துச் செலவு, அரசு வரி எல்லாம் பழைய வீட்டுக்கு ஏழு எட்டு சதவீதம். நம் ஊரில் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து ஒன்பது, பெரிய வித்தியாசம் இல்லை. இவை அல்ல என்னைப் பிடித்தது. வீட்டின் சோதனை அறிக்கைகளை விற்பவரே எடுத்து வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டுமாம். குளிர்காலத்தில் எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்று 'ஏ' முதல் 'ஜி' வரை ஒரு தரம். 1949-க்கு முந்தைய வீடென்றால் பெயிண்டில் ஈயம் இருக்கிறதா. கறையான் உள்ள பகுதி என்றால் அதற்கு ஓர் அறிக்கை. கழிவுநீர்த் தொட்டிக்கு ஓர் அறிக்கை. அவன் வீட்டுக்கு 'எஃப்' தரம். என் வகுப்பாக இருந்தால் அப்பாவைக் கூட்டி வரச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, மேலே "இவ்வீட்டின் குறைகள்" என்று எழுதினேன். எண் போட்டு எழுதினேன், முப்பத்தொன்று வந்தது. மழை தெற்கிலிருந்து அடித்தால் தாழ்வாரத்தில் சாரல். கிணற்றில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் மஞ்சளாக வரும். கிழக்குப் பக்கம் இரண்டு வாரையில் செல் அரித்து மருந்து அடித்திருக்கிறது. கழிப்பறை பின்கட்டைத் தாண்டித்தான். ஹைவே லாரிச் சத்தம் ராத்திரி இரண்டு மணிக்கும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, என்ன செய்தோம், எவ்வளவு செலவு, இன்னும் என்ன பாக்கி என்றும் எழுதினேன். தரகர் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "டீச்சர், குறையை எழுதிக்கொடுத்து யாராவது விப்பாங்களா? இதை யார்கிட்டயும் காட்டாதீங்க."

வந்த எல்லாரிடமும் காட்டினேன். ஆறாமவர் அதைத் திருப்பிப் பார்க்காமலே திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏழாவதாக வந்தவன் என் மாணவன். கவரப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறான், மனைவி நர்ஸ், அம்மா கூட இருக்கிறார். தரகர் மூலமாகத்தான் வந்தான். என் வீடு என்று தெரிந்து வாசலிலேயே கூச்சப்பட்டு நின்றான். நோட்டைக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தான். படிக்கும்போது உதடு அசைந்தது. மூன்றாம் வகுப்பிலும் அப்படித்தான். பிறகு, "டீச்சர், பதினோராம் நம்பர்ல கிழக்கு வாரைன்னு போட்டிருக்கீங்களே, இப்பவும் செல் இருக்கா?" என்றான். நாற்பத்தைந்து நிமிஷம் வீட்டுக்குள் இருந்தான். ஏணி வைத்து ஏறி வாரையைத் தட்டிப் பார்த்தான். அவன் அம்மா முற்றத்தில் போய் நின்று மேலே பார்த்துவிட்டு, "எங்க அப்பா வீடு மாதிரி இருக்குது" என்றார். அவ்வளவுதான் அந்த அம்மா பேசியது.

அவனால் முடிந்த விலை, அறை கட்டுகிறவர் சொன்னதைவிட நாலரை லட்சம் குறைவு. பேங்க் லோன் அதற்கு மேல் கிடைக்காது. கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னான்.

இங்கேதான் உறவினர்கள் கவனிக்க வேண்டும். நாத்தனார்கள் இருவருக்கும் அதிக விலைக் கணக்கிலேயே அவர்கள் பங்கு போகும். குறைவது முழுக்க எங்கள் பங்கில். அதாவது நாலரை லட்சமும் என்னுடையதும் என் பிள்ளைகளுடையதும்தான். வேறு யாருடைய சோற்றிலும் நான் கை வைக்கவில்லை. மகள் உடனே சரி என்றாள். மகன் இரண்டு நாள் பேசவில்லை. "அம்மா, அவன் நாளைக்கு இடிச்சிட்டா என்ன பண்ணுவ?" என்று மூன்றாம் நாள் கேட்டான். நியாயமான கேள்வி. பத்திரத்தில் "இடிக்கக் கூடாது" என்று எழுதி ஒருவரைக் காலத்துக்கும் கட்டிப்போட முடியாது என்று எழுத்தரும் சொல்லிவிட்டார். நான் அவனிடம் வாக்குறுதியும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால், அவன் பிள்ளைகள் பெரிதாகி இடம் போதாமல் தவிக்கும்போது அது அவன் கழுத்தைப் பிடிக்கும். வீடு அவனுடையது. அவன் இஷ்டம். இதை மகனிடம் சொன்னேன். "அப்போ எதுக்கு நாலரை லட்சம்?" என்றான். எனக்கு அவனுக்குப் பிடிக்கிற மாதிரி பதில் சொல்லத் தெரியவில்லை. ஒருத்தன் உள்ளே வந்து பார்த்தானே என்றேன். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான், இன்னும் முகம் சரியில்லை. அவனுக்குத் தெரிந்த அத்தைமார்கள் யாராவது இதைப் படித்தால் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

சரி, இனி வேலை விஷயங்கள்.

பத்திரப் பதிவு தை பிறந்த பிறகு. வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் தயார். சின்ன நாத்தனார் பெங்களூரிலிருந்து வர வேண்டும், டிக்கெட் போட்டாகிவிட்டது. அதுவரை நான் இங்கேதான் இருப்பேன். அந்த நோட்டில் இப்போது முப்பத்துமூன்று குறை ஆகிவிட்டது. பட்டறைக்காரன் இரண்டு கண்டுபிடித்துச் சேர்த்திருக்கிறான்.

பிரான்சுக்காரனுக்கு மூன்று மாதம் கழித்துக் கடைசிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. சாவியைப் படம் எடுத்து அனுப்பினான். ஒரு சாண் நீளம், கோயில் சாவி மாதிரி. முன்கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லை. தனக்கு நம் கூரையிலிருந்து ஒரு சீமை ஓடு வேண்டும் என்று கேட்கிறான். அதை எடுத்துக்கொண்டு தபாலாபீஸ் போனேன். கவுண்டரில் இருந்த பெண் எடை போட்டு, பிரான்சுக்கு ஆகும் தொகையைச் சொல்லிவிட்டு, "அம்மா, அங்க ஓடு கிடைக்காதா?" என்றார். ஓட்டைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். ஜனவரிக்குள் பாரீசுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால், பெட்டியில் இரண்டரை கிலோ இடம் இருந்தால், எனக்குச் சொல்லுங்கள். துணியில் நன்றாகச் சுற்றித் தருவேன்.

மாணவர்களுக்கு: வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றால் மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள். நெல் அறையில் இரண்டு அலமாரி புத்தகம் இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவர்கள் நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஆட்டுக்கல்லையும் அம்மியையும் கேட்காதீர்கள், அவை வீட்டோடு போகின்றன. படி உயரம், வரும்போது பார்த்து ஏறுங்கள். குறைப் பட்டியலில் அது நாலாம் நம்பர்.